நாற்பது சொல்

வியாழக்கிழமைப் பக்கத்தில்
எனக்கு ஒரு சாண் இடம்.
ஆட்டம் ஒன்றுக்கு நாற்பது சொல்,
அடியில் நட்சத்திரம்.
நாற்பத்தொன்று போனால் ரைமோ வெட்டுவார்,
பனிவாரி வண்டி நடைபாதையில் ஏறுவதுபோல,
கீழே என்ன கிடக்கிறதென்று பாராமல்.

ஊலுவில் டிசம்பர்.
பகல் இரண்டு மணிக்கே கடையடைக்கிறது சூரியன்.
மூன்று வாரமாக மேகம்.
இந்த ஊரில் இப்போது நட்சத்திரம் வழங்குவது
நான் ஒருத்திதான்.

'இரும்புக் குளம்பு':
குதிரைக்கு வியர்க்கிறது.
பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே அசைகிறது.
ஏன் போகிறோம் என்று
மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியவில்லை.
குதிரைக்கு நான்கு.

'ஏழாம் படைப்பிரிவு, பாகம் ஐந்து':
பந்திக்கு முந்திப் படைக்குப் பிந்துகிற என்னை
இத்தனை வருடத்தில் இவர்கள்தான் மதித்தார்கள்.
சமையல் கூடாரத்துக்குப் பின்னால்
ஒளிய இடம் இருக்கிறது.
பதினொரு மணி நேரம் அங்கேயே இருந்தேன்.
யாரோ வந்து வென்றுவிட்டோம் என்றார்கள்.
பதக்கம் குத்தினார்கள்.
மூன்றரை.

'தாவு தவளையே', கைப்பேசியில், இலவசம்:
கரணம் தப்பினால் மரணம்.
மரணம் தப்பினால் விளம்பரம்.
ஒன்று. அந்த ஒன்றையும்
தொண்ணூற்றொன்பது சென்ட் கட்டித்தான்
தவளை திறந்து பார்க்க வேண்டும்.

பனி ஹாக்கி, இந்த வருடத்தது:
போன வருட ஆட்டத்துக்கு
அட்டை மாற்றி அனுப்பியிருந்தார்கள்.
போன வருட விமர்சனத்துக்கு
வருடம் மாற்றி அனுப்பினேன்.
இருதரப்பிலும் புகார் இல்லை.

'உழவு 9':
என் அண்ணன் வெய்யோ, லிமிங்காவில்
நிஜமாகவே நாற்பது ஹெக்டேர் உழுகிறவன்,
ராத்திரி இரண்டு மணி வரை இதிலும் உழுகிறான்.
ஏனடா என்றேன்.
இங்கே மட்டும்தான் மழை
சொன்ன நாளில் வருகிறது என்றான்.
ஐந்து. அவனுக்காக இல்லை.
சரி, அவனுக்காகத்தான்.

'ஈரச் சுவர்', திகில்:
கதவு தானாகத் திறக்கிறது.
நாற்பதாவது முறை
நன்றி என்றேன்.

பிறகு, 'ஒரே கயிறு':
இருவர் மட்டும் ஆடலாம், இடுப்போடு இடுப்பு கட்டியபடி.
செப்டம்பரில் வாசாவுக்குக் குடிபோனபோது
இல்க்கா சோபாவைக் கொண்டுபோனான்,
காப்பி இயந்திரத்தைக் கொண்டுபோனான்,
இரண்டாவது கன்ட்ரோலரை விட்டுவிட்டான்.
தரையில் உட்கார்ந்தேன்.
வலது தொடையில் ஒன்று, இடது தொடையில் ஒன்று.

வலக்கைக்குப் பாலம் புல்லரிசி.
அது பாட்டுக்கு ஓடுகிறது.
இடக்கை இன்னும் படியிலேயே திணறுகிறது.
கயிறு இறுக, இரண்டும் ஆற்றில்.
பதினேழு தடவை ஆற்றில்.
இடக்கையைத் திட்டினேன், வாய்விட்டு,
எனக்குப் பழக்கமான குரலில்.
யாரைத் திட்டிப் பழகிய குரல் என்று
ஆறாவது தடவையே தெரிந்திருந்தது.

பதினெட்டாவதில்
பாலத்தின் நடுவில் வலக்கை நின்றது.
அதற்கு நிற்கத் தெரியும் என்பதே
எனக்குச் செய்தி.

அக்கரையில் புதையல் இல்லை.
பனி மூடிய ஒரு பெஞ்சு.
இருவரும் ஒரே நொடியில் அமுக்கினால்
உட்காரலாம்.
அவ்வளவுதான் ஆட்டம்.

இருநூற்றுப் பன்னிரண்டு சொல் எழுதி அனுப்பினேன்.
ரைமோ கூப்பிட்டார்.
"தூலிக்கி, தனியாளும் இதை ஆடலாம் என்கிறாயா,
ஆடக்கூடாது என்கிறாயா?"
ஆடலாம், முழங்கால் மரத்துப்போகும் என்றேன்.
கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில்
அச்சு இயந்திரத்தின் சத்தம்.

வியாழனன்று வந்தது:
"இருவர் ஆட்டம். கட்டுப்பாடு கடினம்.
பின்னணி ஓவியம் அழகு."
மூன்று நட்சத்திரம், நான் போடாதது.

மிச்சச் சொற்கள் மேசையில் கிடக்கின்றன.
அடுத்த வாரம் மீன்பிடி ஆட்டமாம்.
பனியில் துளை போட்டு
உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.